உப்பு நீர் குழாயிலே! நல்ல நீர் கடையிலே!

சென்னைக்குத் தெற்கே, ரயில் தண்டவாளத்தை ஒட்டியபடி பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து நிற்கும் ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே தண்ணீர் என்ற பொருள் ஒன்றல்ல, இரண்டு. "நல்ல தண்ணீர்" என்று ஒன்று; "உப்புத் தண்ணீர்" என்று மற்றொன்று. வீடு வாடகைக்குத் தேடுகிறவன் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்றல்ல, "நல்ல தண்ணீர் உண்டா?" என்பதுதான். உப்புத் தண்ணீர் மோட்டாரைப் போட்டால் வரும். நல்ல தண்ணீர் முறைநாளில் வரும், வந்தால் உண்டு, வராவிட்டால் கடையிலே உண்டு.

இந்த ஊர்களுக்கு 2021 நவம்பரில் ஒரு புதிய பட்டம் சூட்டப்பட்டது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டு, 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி ஆயின. பெயர் வளர்ந்தது, எல்லை வளர்ந்தது, பலகை மாறிற்று. குழாயிலே வரும் தண்ணீர் மாறியதா? இதுதான் இன்று அப்பகுதி மக்கள் கேட்கும் கேள்வி. இது ஏதோ ஒரு பேட்டையின் சில்லறைப் புகார் அல்ல. பொதுமக்களின் சொத்தாக இருக்க வேண்டிய தண்ணீர், எப்படிச் சிறுகச் சிறுக விற்பனைச் சரக்காக மாற்றப்படுகிறது என்பதன் வரலாறே இதிலே அடங்கியிருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாக ஆராய வேண்டியது அவசியமாகிறது.

கடின நீர் என்றால் என்ன?

தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் என்ற இரண்டு தாதுப் பொருள்களின் உப்புக்கள் மிகுதியாகக் கரைந்திருந்தால் அதைக் கடின நீர் என்கிறார்கள். இதை அறிய விஞ்ஞானக் கூடம் தேவையில்லை. நம் தாய்மார்களே சொல்வார்கள்: சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு, தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடக்கும். சோப்பு நுரைக்காததற்குக் காரணம், அது அழுக்கோடு சேருவதற்கு முன் இந்தத் தாதுக்களோடு சேர்ந்து கசடாகிவிடுவதுதான். அதாவது, சம்பளப் பணத்தில் வாங்கிய சோப்பின் ஒரு பகுதி துணியை வெளுக்காமல், தண்ணீரோடு சண்டையிட்டே தீர்ந்துவிடுகிறது.

இதற்கு அளவு உண்டு. குடிநீர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-ல் வெளியிட்ட 10500 எண் விதிமுறை இருக்கிறது. அதன்படி ஒரு லிட்டரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். கரைந்துள்ள உப்புக்களின் மொத்த அளவு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். இது முதற் கணக்கு. ஆனால் அதே விதிமுறையில் இரண்டாவது கணக்கு ஒன்றும் உண்டு. கடினத்தன்மை 600 வரையிலும், மொத்த உப்பு 2,000 வரையிலும் போகலாம் என்பதே அது. எப்போது? "வேறு நீராதாரம் இல்லாதபோது" மட்டும்!

வாசகர்கள் இந்த ஒரு சொற்றொடரை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பஞ்ச காலத்துக்கென்று வைத்த சலுகை அது. வேறு வழியே இல்லாத பாலைவனத்துக்கு வைத்த விதிவிலக்கு அது. அந்த விதிவிலக்கையே விதியாக்கி, "எங்கள் தண்ணீர் 600-க்குள்தான் இருக்கிறது, அனுமதிக்கப்பட்ட அளவுதான்" என்று எந்த அதிகாரி கூறினாலும், அவரை நாம் ஒன்று கேட்க வேண்டும்: வேறு நீராதாரம் இல்லை என்று எப்போது முடிவு செய்தீர்கள்? யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?

600 மில்லிகிராம் என்றால் சாதாரணமாகத் தோன்றும். கணக்குப் பார்ப்போம். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தரவேண்டும் என்பது மத்திய அரசு வகுத்த அளவு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 540 லிட்டர். அதில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றால், நாளொன்றுக்கு 324 கிராம். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 118 கிலோ! இரண்டு சிமெண்டு மூட்டைக்கும் அதிகமான எடையுள்ள சுண்ணாம்புச் சத்து, ஆண்டுதோறும் ஒரு சிறு குடும்பத்தின் குழாய் வழியாக ஓடுகிறது. எல்லாமே வீட்டில் தங்கிவிடுவதில்லை. பெரும்பகுதி சாக்கடைக்குப் போகிறது. தங்குகிற கொஞ்சமே கெய்சரைப் பாழாக்குகிறது, குழாயை அடைக்கிறது, தரையெல்லாம் வெள்ளை பூத்து நிற்கச் செய்கிறது. இது நகரசபை ரசீது கொடுக்காமல் வசூலிக்கும் வரி அல்லவா?

பாறையின் குற்றமா, மனிதரின் குற்றமா?

"நிலம் அப்படி! நாங்கள் என்ன செய்ய?" என்று பொறுப்பிலுள்ளவர்கள் கைவிரிப்பதுண்டு. இதிலே பாதி உண்மை. பல்லாவரமும் பறங்கிமலையும் சார்னோக்கைட் என்ற கடும்பாறைக்குப் பெயர் பெற்ற பூமி. ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர், 1863-ல் இந்தியாவின் பழைய கற்காலக் கருவியை முதன்முதலாகக் கண்டெடுத்ததும் இந்தப் பல்லாவரத்தில்தான். இந்தப் பாறையின் இடுக்குகளில்தான் இப்பகுதியின் ஆழ்நீர் தங்கியிருக்கிறது. எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்குப் பாறையின் தாதுவும் கரைகிறது. மழை நீர் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தால் கரைசல் நீர்த்துப் போகும். மழை சேராமல், உறிஞ்சுவது மட்டும் நடந்தால், 100 அடியில் கிடைத்த நீர் 300 அடிக்கும் அதற்குக் கீழும் போகிறது. போகப் போக உப்பு ஏறுகிறது. பாறையைப் படைத்தது இயற்கை. பாறையின் அடிவயிறு வரை துளைபோட்டு உறிஞ்சியது யார்?

மழையைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கித் தந்தவை ஏரிகள். பல்லாவரம் பெரிய ஏரியை அழகாக இரண்டாக வெட்டி நடுவே 200 அடிச் சாலை போட்டார்கள். மிஞ்சியதில் குப்பை கொட்டினார்கள். சிட்லபாக்கம் ஏரிக்கரையும் குப்பைமேடாக இருந்து, அவ்வூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே அரசாங்கத்தின் கண் அதன்மீது விழுந்தது. ஏரி இருந்தவரை கிணற்றில் நல்ல நீர் இருந்தது. ஏரி மனையாயிற்று, கிணறு உப்பாயிற்று. இதற்குப் பாறை மீது பழிபோடுவது, திருடன் வீட்டுக்காரனின் பூட்டைக் குறை கூறுவது போன்றது.

தொழிற்சாலையின் பங்கையும் மறைக்க முடியாது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். பல்லாவரம், நாகல்கேணி வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் நிலத்தடி நீரில் உப்பும் குரோமியமும் சேர்ந்ததை ஆராய்ச்சியாளர்கள் பலமுறை எடுத்துக் காட்டியுள்ளனர். குரோமியத்துக்கு விதிமுறை அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான், அதிலே சலுகை எதுவும் கிடையாது. அந்தத் தொட்டிகளில் கால் நனைத்து உழைத்த தொழிலாளிதான், அந்த வட்டாரத்துக் கிணற்று நீரையும் குடித்தான். லாபம் ஒரு பக்கம் போயிற்று. நஞ்சு மறுபக்கம் வந்தது.

பாலாறு சொல்லும் சாட்சி

இப்பகுதிக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி சென்னைக் குடிநீர் வாரியத்திடமிருந்து வருகிறது. மற்றொரு பகுதி செங்கற்பட்டுச் சீமையில் பாலாற்று மணலில் தோண்டிய கிணறுகளிலிருந்து வருகிறது. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மேலே தண்ணீர் ஓடாது, மணலுக்குள்ளே ஓடும். அந்த மணல்தான் ஆற்றின் தொட்டி, மணல்தான் வடிகட்டி. அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளி விற்றார்கள். மணலோடு விற்கப்பட்டது தாம்பரத்துத் தாய்மார்களின் குடம் என்பதை எந்த மணல் காண்டிராக்டர் நினைத்துப் பார்த்தார்?

அதே பாலாற்றின் மேற்பகுதியில், வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் நடந்தது இன்னும் கொடியது. தோல் கழிவு ஆற்றில் விடப்படுவது குறித்து வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்சநீதி மன்றம் வரலாற்றுச் சிறப்புடைய தீர்ப்பை வழங்கியது. "மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும்" என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் அங்கம் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் ஓடின. 2025 ஜனவரி 30-ந்தேதி அதே உச்சநீதி மன்றம், அதே பாலாற்றைப் பற்றி, அதே தோல் கழிவைப் பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கொடுங்கள், மாசைத் தடுங்கள் என்று கூற வேண்டியதாயிற்று. ஒரே ஆற்றுக்கு இரண்டு தீர்ப்பு! முதல் தீர்ப்பை முழுதும் நிறைவேற்றியிருந்தால் இரண்டாவதற்கு என்ன வேலை? இடைப்பட்ட அந்தக் காலத்தில் கோட்டையில் மாறி மாறி அமர்ந்தவர்கள் அனைவரும் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கண்ணுக்குத் தெரியாத குற்றவாளி

இங்கே ஒரு முக்கியமான உண்மையைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். கடின நீர் தொல்லை தருவது, செலவு வைப்பது. ஆனால் அது ஆளைக் கொல்லும் நீர் அல்ல. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கென்று உடல்நலக் காரணத்தால் எந்த வரம்பும் விதிக்கவில்லை. "உப்புத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும்" என்பது பரவலான அச்சம். அதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே அறிஞர்களின் கருத்து. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டிய சத்துக்களே.

கொல்லும் குற்றவாளி வேறு. அவன் நாக்குக்குத் தெரியமாட்டான், கண்ணுக்கும் தெரியமாட்டான். அவன் கிருமி. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் பல்லாவரம் பகுதியில் என்ன நடந்தது? வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். உயிர்களும் போயின. குழாய் நீரில் சாக்கடை கலந்துவிட்டது என்றனர் மக்கள். குடிநீர் காரணமல்ல என்றது ஆட்சித் தரப்பு. தண்ணீர் மாதிரி கிண்டியிலுள்ள கிங் ஆய்வு நிலையத்துக்குப் போயிற்று. அறிக்கைப் போர் நடந்தது. நாம் கேட்பது இதுதான்: உயிர் போன பிறகு மாதிரி எடுக்கிறீர்களே, அதற்கு முதல் வாரம் எடுத்த மாதிரியின் முடிவு எங்கே? அதற்கு முதல் மாதம் எடுத்த முடிவு எங்கே? அதைத் தெருமுனையில் எழுதி ஒட்டியிருந்தால், தண்ணீர் குற்றவாளியா அல்லவா என்பதில் வாதமே எழுந்திருக்காதே!

சாக்கடை குழாய்க்குள் எப்படிப் புகும்? இதிலே மர்மம் ஒன்றுமில்லை. குழாயில் நாள் முழுவதும் அழுத்தத்தோடு நீர் நின்றால், ஓட்டை வழியாக நீர் வெளியே போகுமே தவிர, வெளியிலுள்ளது உள்ளே வராது. இரண்டு நாளுக்கொருமுறை, மூன்று நாளுக்கொருமுறை என்று முறைவைத்துத் திறந்து மூடினால், மூடிய வேளையில் குழாய் காலியாகிறது; பக்கத்திலுள்ள சாக்கடை நீர் ஓட்டை வழியாக உள்ளே கசிகிறது. போதாக்குறைக்கு, வசதியுள்ளவர்கள் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். உறிஞ்சும் மோட்டார் தண்ணீரை மட்டுமா உறிஞ்சும்? சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். தன் தொட்டி நிறையட்டும் என்று ஒருவர் செய்வது, தெருவுக்கே நோயாக முடிகிறது. ஆகவே முறைவைத்துத் தண்ணீர் விடுவதே நோய்க்கு வாசலைத் திறந்து வைப்பதாகும்.

உப்பைக் கண்டு அஞ்சி, கிருமியை மறந்து விடுகிறோம். இந்தக் குழப்பம் ஒரு கூட்டத்துக்கு மிகவும் வசதியாக இருக்கிறது.

கேன் கணக்கு

அந்தக் கூட்டம்தான் தண்ணீர் வியாபாரக் கூட்டம். குழாய் நீரில் நம்பிக்கை போன இடத்தில் கேன் வந்து உட்கார்ந்து கொண்டது. 20 லிட்டர் கேன் ஒன்று 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளுக்கு ஒன்று என்றால் மாதத்துக்கு 15 கேன்; 525 ரூபாய். வீட்டு வேலை செய்யும் சகோதரிக்கும், கட்டிடக் கூலிக்கும் இது இரண்டு வேளைச் சோற்றில் கைவைப்பதாகும். இதையே 1,000 லிட்டருக்குக் கணக்கிட்டால் 1,750 ரூபாய் ஆகிறது.

இப்போது மற்றொரு விலையைப் பாருங்கள். மீஞ்சூரில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் இயங்கத் தொடங்கியது. அதனிடமிருந்து குடிநீர் வாரியம் 1,000 லிட்டர் 48 ரூபாய் 66 காசு என்ற விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. தனியார் முதலாளி லாபம் வைத்துக் கட்டிய விலை அது! உப்பிலும் உப்பாகிய கடலையே நல்ல நீராக்க அவ்வளவுதான் பிடித்தது. அந்த விலை பின்னர் பத்து மடங்கே ஆனாலும், கேன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். அப்படியானால் ஏழை கொடுக்கும் மீதிப் பணம் எங்கே போகிறது? தண்ணீருக்கா? இல்லை, பொதுக்குழாய் பொய்த்ததற்கு அவன் கட்டும் அபராதம் அது.

அரசாங்கங்கள் இந்த வியாபாரத்தைத் தடுத்தனவா? தமிழ்நாட்டு அரசே 2013-ல் லிட்டர் 10 ரூபாய் என்று பாட்டில் தண்ணீர் விற்பனையைத் தொடங்கிற்று. மத்திய அரசோ 20 லிட்டர் கேன் மீது 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. போட்டது; 2018-ல் 12 ஆக்கியது; 2025 செப்டம்பரில்தான் 5 ஆக்கியது. வரியைக் குறைத்ததற்கு நன்றி கேட்பார்கள். தாகத்துக்கு வரி போட்டதற்கு யாரிடம் விளக்கம் கேட்பது? அந்தக் கேனிலே இருப்பது எத்தகைய நீர் என்பதும் நிச்சயமில்லை. குப்பியில் அடைத்த குடிநீரை "அதிக அபாயமுள்ள உணவு" என்ற பட்டியலில் 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே சேர்த்திருக்கிறது.

லாரிக்காரர் எங்கிருந்து தண்ணீர் கொண்டு வருகிறார்? சுற்றுவட்டாரக் கிராமத்து விவசாயக் கிணற்றிலிருந்து. இங்கேதான் நாம் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன சொற்றொடர் வருகிறது. "வேறு நீராதாரம் இல்லை" என்கிறது அரசாங்கம். அதே ஊருக்கு, அதே நாளில், லாரிக்காரருக்கும் கேன் கம்பெனிக்கும் நல்ல நீராதாரம் கிடைக்கிறது! காசு கொடுத்தால் கிடைக்கும் ஊற்று, வரி கொடுத்தால் ஏன் கிடைப்பதில்லை?

ஆர்.ஓ. என்ற மாயம்

சற்று வசதியுள்ள வீடுகளில் ஆர்.ஓ. கருவி மாட்டியிருக்கிறார்கள். உப்பை நீக்குவதில் அது கெட்டிக்காரக் கருவிதான். ஆனால் வீட்டுக் கருவிகள் பலவற்றில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் வீணாகச் சாக்கடைக்குப் போகிறது. தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் நான்கு குடம் இறைத்து மூன்று குடத்தைக் கொட்டுவது என்ன நியாயம்? கொட்டியதும் முன்னைவிட அதிக உப்பாக மீண்டும் நிலத்துக்கே போகிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இக்கருவி தேவையில்லை என்றும், மற்ற இடங்களிலும் குறைந்தது 60 சதவிகித நீரையாவது மீட்க வேண்டும் என்றும் 2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. ஆனால் விளம்பரத்தின் குரல் தீர்ப்பாயத்தின் குரலைவிட உரத்தது அல்லவா!

தனி மனிதர் கருவி வாங்குவதை நாம் குறை கூறவில்லை. பொதுக்குழாயை நம்ப முடியாதவர் வேறென்ன செய்வார்? ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சுத்திகரிப்பு ஆலை என்பது, பொது மருத்துவமனையை மூடிவிட்டு வீட்டுக்கொரு டாக்டர் வைத்துக்கொள்ளுங்கள் என்பதைப் போன்றது. வைத்துக்கொள்ள முடிந்தவர் பிழைப்பார், மற்றவர்?

பிளின்ட் நகரத்தின் பாடம்

பணக்கார நாடான அமெரிக்காவிலும் ஒரு புறநகருக்கு ஒப்பான ஊரின் கதையைக் கேளுங்கள். மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் என்றொரு தொழில்நகரம். ஏழைகளும் கறுப்பின மக்களும் மிகுதியாக வாழும் ஊர். நகரசபையின் அதிகாரத்தை மாநில அரசு நியமித்த அதிகாரி ஏந்தியிருந்த காலத்தில், செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் நீராதாரத்தை பிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் அரித்து, ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. மக்கள் கலங்கல் நீரைப் புட்டியில் ஏந்திக் காட்டியபோது, "நீர் நன்றாகத்தான் இருக்கிறது" என்றே அதிகாரிகள் சொல்லி வந்தனர். 2015 அக்டோபரில்தான் பழைய ஆதாரத்துக்குத் திரும்பினர். 2016 ஜனவரியில் நெருக்கடி நிலை அறிவித்தனர்.

இதிலே நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, உப்பில்லாத நீரெல்லாம் நல்ல நீர் அல்ல. கடல்நீர் ஆலையில் உப்பு நீக்கிய நீரிலும் தாதுவைத் திரும்பச் சேர்த்த பிறகே குழாயில் விட வேண்டும். இரண்டு, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் கையிலிருந்து தண்ணீர் அதிகாரம் நழுவினால், சிக்கனம் என்ற பெயரில் உயிரோடு விளையாடுவார்கள். கோவையில் குடிநீர் விநியோகத்தை 2018-ல் சூயஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியிடம் 26 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைத்தபோது நம் போன்றோர் எதிர்த்ததும் இதனால்தான்.

சட்டம் எங்கே போயிற்று?

நிலத்தடி நீரை வரைமுறையின்றி உறிஞ்சுவதைத் தடுக்க, சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்று 1987-ல் ஒரு சட்டம் வந்தது. மாநிலம் முழுவதற்கும் 2003-ல் ஒரு சட்டம் நிறைவேறிற்று. அது அமலுக்கு வரவே இல்லை. 2013-ல் ரத்தும் செய்யப்பட்டது! பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்து, தொட்டிலிலே போடாமலே அடக்கம் செய்த கதை.

நல்லது நடந்தால் நல்லது என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. அதே 2003-ல் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சென்னையின் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. மழை நீர் இயற்கையிலேயே மென்னீர். சென்னைச் சுற்றுவட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலே 1 லட்சம் லிட்டர் கிடைக்கும். நால்வர் குடும்பத்துக்கு ஓராண்டுத் தேவையில் பாதி! அடுக்கு மாடி வீடுகளுக்கு இக்கணக்குப் பொருந்தாது. தனி வீடுகளுக்குப் பொருந்தும். ஆனால் திட்டத்தைக் கண்காணிப்பவர் யார்? குழி மண்ணால் மூடிக்கிடக்கிறது. குழாய் சாக்கடையில் போய் முடிகிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைக் கண்ட பிறகும் பாடம் கற்கவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

நம் கோரிக்கைகள் ஆகாயத்திலிருந்து பறித்தவை அல்ல, நாளையே தொடங்கக்கூடியவை.

முதலாவது, ஒவ்வொரு வார்டிலும் வாரந்தோறும் குழாய் நீரைச் சோதித்து, கடினத்தன்மை, மொத்த உப்பு, மிஞ்சிய குளோரின், கிருமி ஆகிய நான்கின் அளவையும் தமிழில் எழுதித் தெருமுனையில் ஒட்ட வேண்டும். குழாய் நீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அதைச் சோதிக்க ஒரு சிறு பெட்டியும் ஐந்து நிமிடமும் போதும்.

இரண்டாவது, கலந்து விடும் முறை. கடினத்தன்மை 700 உள்ள நீர் ஒரு பங்கும், 100 உள்ள நீர் இரண்டு பங்கும் கலந்தால் 300 ஆகிவிடும். எந்தக் கருவியும் இல்லாமல், மேல்நிலைத் தொட்டியிலேயே இதைச் செய்யலாம். ஆனால் குரோமியமோ சாக்கடையோ சேர்ந்த கிணறுகளை இதில் சேர்க்கக் கூடாது. அவற்றைக் கண்டறிந்து மூடவேண்டும்.

மூன்றாவது, இரண்டு பங்கு நல்ல நீர் எங்கே என்பார்கள். நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்த நீரில் புறநகருக்கு உரிய பங்கு எவ்வளவு, எந்த நாளிலிருந்து என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெருநகரத்தின் குப்பைக்கும் கழிவுக்கும் புறநகர் வேண்டும். தண்ணீர்ப் பங்கீட்டில் மட்டும் புறநகர் வெளியூரா?

நான்காவது, புதைந்து கிடக்கும் பழைய குழாய்களை, சாக்கடைக்கு அருகே ஓடுபவற்றை முதலில், மாற்ற வேண்டும். முறைவைத்து விடுவதை ஒழித்து, நாள்தோறும் அழுத்தத்தோடு நீர் தரும் நிலையைக் கட்டங்கட்டமாக உருவாக்க வேண்டும்.

ஐந்தாவது, நிலத்தடி நீருக்குப் பல்லுள்ள சட்டம். விவசாயியின் பம்பு செட்டின் மீது பாயும் சட்டமல்ல; லாரி லாரியாக விற்கும் வியாபாரத்தின் மீது பாயும் சட்டம்.

ஆறாவது, பாலாற்றுத் தீர்ப்பை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற வேண்டும். ஏரிகளின் எல்லையை அளந்து கல் நட வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 1992-ல் நிறைவேறிய 74-வது திருத்தத்தின் பன்னிரண்டாவது அட்டவணை, குடிநீர் வழங்குவதை நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று பட்டியலிட்டது. பொறுப்பைக் கொடுத்தார்கள், பணப்பையைக் கொடுக்கவில்லை. மத்தியில் வரி குவிகிறது, மாநிலம் கையேந்துகிறது, மாநகராட்சி மாநிலத்திடம் கையேந்துகிறது, கடைசியில் குடிமகன் கேன்காரரிடம் கையேந்துகிறான். இந்த ஏணியைத் தலைகீழாக்க வேண்டும்.

மக்களுக்கும் ஒரு வேலை உண்டு. வரி ரசீதைக் காட்டி, வார்டு அலுவலகத்துக்குப் போய், "எங்கள் குழாய் நீரின் சோதனை முடிவைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் எரிச்சலடைவார்கள். நூறு பேர் கேட்டால் தேடுவார்கள். ஆயிரம் பேர் கேட்டால் சோதனை செய்தே ஆகவேண்டும். வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம். சொந்த வீட்டுக்காரரும் கேட்கலாம். தாகத்தில் வேறுபாடு இல்லை.

நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்ற பிரிவினையே அங்கு வளரும் குழந்தைகளுக்குத் தெரியாமற் போக வேண்டும். தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர்தான் என்ற நிலை வரவேண்டும். அதைத் தர முடியாத மாநகராட்சி, எத்தனை வார்டுகளைச் சேர்த்துக்கொண்டாலும், எவ்வளவு பெரிய பலகை மாட்டிக்கொண்டாலும், மக்கள் மனதில் மாநகராட்சியாக ஆகாது!